சித்தி கையெழுத்துப் போட மறுத்தது தவறா?

கேள்வி கேட்டவரின் சித்தப்பா கடுமையான நிமோனியாவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்திருக்கிறார். இரண்டாம் நாள் இளம் டாக்டர் ஒருவர் சித்தியிடம் சில பக்கத் தாள்களை நீட்டி, ஓர் ஆராய்ச்சியில் இவரைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். சித்தி பயந்துபோய் மறுத்துவிட்டார். சித்தப்பா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் மனது ஆறவில்லை. "உயிருக்குப் போராடுகிறவரை வைத்து எதற்குச் சோதனை? தெரிந்த சிகிச்சையைச் செய்தால் போதாதா? நாங்கள் மறுத்தது தவறா?" இதுதான் கேள்வி.

மறுத்தது தவறில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சித்தியின் மனத்தில் அந்தப் பாரம் இருக்க வேண்டாம். சம்மதம் கேட்கிற டாக்டர் 'வேண்டாம்' என்ற பதிலையும் அதே முகத்தோடு வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

ஆனால் 'தெரிந்த சிகிச்சையைச் செய்தால் போதாதா' என்ற வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. மயக்கவியல் படித்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்குத் தெரியும் என்று உறுதியாக நம்பி நான் செய்த சில காரியங்கள் நோயாளிக்கு உதவவில்லை என்று பிற்பாடு தெரியவந்தது. ஒன்றிரண்டு கெடுதலே செய்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள் இருக்கிறது.

1990களின் பிற்பகுதியில் நான் பயிற்சி பெற்ற அரசு மருத்துவமனையைச் சுற்றி நெல்லும் பருத்தியும் விளையும் ஊர்கள். இரவுப் பணியில் பூச்சிமருந்து நோயாளி ஒருவராவது வராமல் பெரும்பாலும் விடியாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலுக்குள் போனவரை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. வாயிலும் மூக்கிலும் நுரை, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்பாவை, சட்டையைப் பிழியலாம்போல் வியர்வை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் உலை கொதிக்கிற சத்தம். நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்தெடுப்பது கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியின் வேலை. பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. துடைக்க ஆளில்லாமல் சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். நுரையீரல் நீரில் மூழ்கும், பிறகு மூச்சுத் தசைகளே தளர்ந்து நின்றுவிடும்.

அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்தால் நீர்ச் சுரப்பு அடங்கும், ஆனால் தசைத் தளர்ச்சிக்கு அது உதவாது. அதற்கென்று இருந்த மருந்துதான் பிராலிடாக்சைம். நாங்கள் 'பாம்' என்போம். 1950களில் உருவாக்கப்பட்டது. நொதியைப் பிடித்திருக்கும் பூச்சிமருந்தைப் பிய்த்தெடுத்து, நொதியை மறுபடி வேலைக்கு அனுப்பும். பாடப்புத்தகத்தில் படிக்கும்போது இதைவிடப் பொருத்தமான மருந்து வேறெதுவும் இல்லை என்றே தோன்றும். மாற்று மருந்து என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அன்றைக்கு எங்கள் வார்டில் பாம் எப்போதும் இருப்பில் இருக்காது. சீட்டு எழுதிக் கொடுப்போம், உறவினர்கள் வெளிக்கடையில் வாங்கி வருவார்கள். விலை அதிகம். ஓர் இரவு முப்பது வயதுக்காரர் ஒருவரின் மனைவியிடம் நான் சீட்டைக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "இதைப் போட்டால் பிழைத்துக்கொள்வாராங்க சார்?" என்றார். "இது அவசியம்" என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து பிளாஸ்டிக் பையில் மருந்துக் குப்பிகளோடு வந்தார். காதில் தோடு இல்லை, ஓட்டைகளில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். அந்த ஈர்க்குச்சிகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. நான் பாம் போட்டேன். இரண்டு நாளில் இரத்தத்தில் நொதியின் அளவு கொஞ்சம் ஏறியது. தாளைக் காட்டி அந்த அம்மாவிடம் நல்ல செய்தி சொன்னேன். ஐந்தாம் நாள் அவர் கணவர் இறந்துவிட்டார்.

பாம் போட்டதால் இறந்தார் என்று சொல்ல வரவில்லை. போடாவிட்டாலும் இறந்திருக்கலாம். நான் சொல்வது வேறு. 'இது அவசியம்' என்று அன்றைக்கு நான் சொன்னதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? நொதியை மீட்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த உண்மை. ஆளை மீட்கும் என்பது அதிலிருந்து நாங்களாகத் தாவிப் பிடித்த நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தப் பள்ளத்தை அளந்து பார்த்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 1990களிலேயே வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். பாம் அதிகம் கொடுத்தால் நன்மை அதிகம் என்று அந்த ஆய்வுகளில் தெரியவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து நேர்மாறான செய்தி வந்தது. 200 நோயாளிகள், எல்லோருக்கும் முதலில் 2 கிராம் பாம். பிறகு ஒரு சாராருக்கு மணிக்கு 1 கிராம் வீதம் 48 மணி நேரம் இடைவிடாமல், மறுசாராருக்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். இடைவிடாமல் பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் இறந்தார், மற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். எங்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை பிறந்தது.

மூன்றே ஆண்டில், 2009இல், இலங்கையிலிருந்து அடுத்த ஆய்வு. மைக்கேல் எடில்ஸ்டன் என்ற மருத்துவரின் தலைமையில் அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் நடந்தது. 235 நோயாளிகள். ஒரு சாராருக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் பாம், மறுசாராருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போகிறது என்று சிகிச்சை செய்த டாக்டருக்கே தெரியாது. அட்ரோபின், பிராணவாயு, வென்டிலேட்டர் எல்லாம் இரு சாராருக்கும் ஒரே மாதிரி. முடிவு: பாம் பெற்றவர்களில் 24.8 விழுக்காட்டினர் இறந்தார்கள், உப்புநீர் பெற்றவர்களில் 15.8 விழுக்காட்டினர். திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமல் பாதியில் நின்ற ஆய்வு அது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். ஆகவே பாம் கொல்கிறது என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அந்த ஆய்வில் என் நெஞ்சில் தைத்தது வேறொரு வரி. பாம் பெற்றவர்களில் பலருக்கு இரத்தச் சிவப்பணுக்களில் நொதி நன்றாகவே மீண்டிருந்தது. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஆட்கள் மட்டும் பிழைக்கவில்லை.

அந்த அம்மாவிடம் நான் காட்டிய தாள் அப்போது நினைவுக்கு வந்தது.

தீவிர சிகிச்சையில் ஆராய்ச்சி ஏன் வேண்டும் என்பதற்கு என் பதில் இதுதான். எங்கள் பிரிவில் எங்கு திரும்பினாலும் எண்கள். நாடி, இரத்த அழுத்தம், பிராணவாயு, சிறுநீர், சர்க்கரை எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் திரையில் ஓடும். நான் ஏதோ செய்கிறேன், பத்து நிமிடத்தில் எண் தேறுகிறது. கை உடனே பழகிவிடுகிறது, மனமும் நம்பிவிடுகிறது. ஆனால் எண் தேறுவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல. நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனாரா என்பது நான்கு வாரம் கழித்துத் தெரியும் சேதி. அதற்குள் அடுத்த படுக்கையில் அடுத்தவர் வந்திருப்பார். ஒரு டாக்டர் ஆயுள் முழுக்கப் பார்க்கும் நோயாளிகளை வைத்து, நூற்றுக்கு எட்டுப் பேர் கூடுதலாக இறப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. அனுபவம் போதாது என்று சொல்வது அனுபவத்தை இழிவாகப் பேசுவதற்காக அல்ல. அந்த வேறுபாட்டை அனுபவத்தால் எண்ண முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் சித்தப்பா இருந்த வென்டிலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த காலத்தில் ஒரு மூச்சுக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை காற்றுத் தள்ளுவது வழக்கம். நுரையீரல் நன்றாக விரியும், இரத்தத்தில் பிராணவாயு உயரும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளோடு ஓர் ஆய்வு வெளிவந்தது. நிமோனியா முதலியவற்றால் நுரையீரல் கடுமையாகக் கெட்டுப்போனவர்கள். ஒரு சாராருக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர், மறுசாராருக்கு 6 மட்டும். முதல் நாளும் மூன்றாம் நாளும் பிராணவாயு அளவில் 12 பெற்றவர்களே தேவலையாக இருந்தார்கள். அந்தக் கட்டத்தில் யாரைக் கேட்டாலும் பழைய முறைதான் சிறந்தது என்றிருப்பார்கள். கடைசியில் 12 பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், 6 பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர். காற்றை அதிகமாகத் தள்ளித் தள்ளி, நல்ல நிலையில் எஞ்சியிருந்த நுரையீரல் பகுதியையும் நாங்களே கிழித்துக்கொண்டிருந்தோம்.

இன்று எங்கள் பிரிவில் ஒவ்வொரு வென்டிலேட்டர் தள்ளுவண்டியிலும் தையல்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் அளவு நாடா தொங்கும். நோயாளி வந்ததும் செவிலியர் தலையிலிருந்து குதிகால் வரை அளப்பார். நுரையீரலின் அளவு தொப்பையைப் பார்த்து வளர்வதில்லை, உயரத்தைப் பொறுத்தது. 165 செ.மீ. உயரமுள்ள ஆண் என்றால் கணக்குக்கு எடை 61 அல்லது 62 கிலோ, மூச்சுக்குச் சுமார் 370 மில்லிலிட்டர். அவர் தராசில் 90 கிலோ இருந்தாலும் அதுவேதான். சித்தப்பாவையும் யாரோ ஒரு செவிலியர் இப்படி அளந்திருப்பார். அந்த 861 பேரில் யார் வீட்டிலோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் மனது கலங்குகிறது. காய்ச்சலோடு, இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்குச் சிரை வழியாக வேகமாக நீர் ஏற்ற வேண்டும் என்பது உலகம் முழுவதும் பாடம். கென்யா, டான்சானியா, உகாண்டா நாடுகளில் 3141 குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக நீர் பெற்ற குழந்தைகளின் கைகால்கள் ஒரு மணி நேரத்தில் சூடேறின, நாடி தேறியது. 48 மணி நேரத்தில் அவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தார்கள். மெல்ல மட்டுமே நீர் பெற்ற குழந்தைகளில் 7.3 விழுக்காடு. கண்காணிப்புக் குழு ஆய்வை இடையிலேயே நிறுத்தியது. வென்டிலேட்டர் வசதி அரிதான ஊர்களில், மலேரியாவும் இரத்தசோகையும் மலிந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அது. நம் ஊர் டெங்கு நோயாளிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் 'நீர் ஏற்றினால் என்ன கெட்டுவிடப் போகிறது' என்ற அலட்சியம் என்னைப் போன்றவர்களிடமிருந்து அன்றோடு போனது.

எல்லாவற்றுக்கும் இப்படிக் குலுக்கல் போட்டுத்தான் பார்க்க வேண்டுமா? இல்லை. 1952இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் பொருத்தி, கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார். சாகக் கிடந்த சிறுமி பிழைத்தாள். பிறகு மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இறப்பு பாதியாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் தொடங்கியது. இவ்வளவு பெரிய நன்மைக்குக் குலுக்கல் தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதே அரிது. மற்ற நாள்களில் நாங்கள் தேடுவது நூற்றுக்கு மூன்று பேர், ஐந்து பேர் என்ற வேறுபாட்டை. அது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் 2021 ஏப்ரல், மே மாதங்களில் பார்த்தோம். கொரோனாவில் குணமடைந்தவரின் பிளாஸ்மா வேண்டும், ஓ பாசிட்டிவ் வேண்டும் என்று ஒவ்வொரு கைப்பேசியிலும் வேண்டுகோள். வீட்டுக்கு வீடு ஒருவர் நோயாளியை விட்டுவிட்டுப் பிளாஸ்மாவுக்கு அலைந்தார். என் சொந்த அத்தை மகன் இரவு இரண்டு மணிக்கு அழைத்தான்: "அண்ணா, எங்கேயாவது ஒரு யூனிட் கிடைக்குமா?" ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே விடை வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், நோய் முற்றியவர்களும் இறந்தவர்களுமாகப் பிளாஸ்மா பெற்றவர்களில் 19 விழுக்காடு, பெறாதவர்களில் 18 விழுக்காடு. 2020 அக்டோபரில் வெளிவந்த முடிவு இது. நம் நாட்டு மருத்துவர்கள், பெருந்தொற்றின் நடுவில் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு செய்த அருமையான வேலை. அதை ஏற்றுக்கொண்டு வழிகாட்டு நெறியிலிருந்து பிளாஸ்மாவை நீக்க 2021 மே வரை ஆனது. அந்தத் தாமதத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே பெருந்தொற்றில் நேர் எதிரான கதையும் உண்டு. வைரஸ் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா கூடாதா என்று டாக்டர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தோம். பிரிட்டனில் 'ரெகவரி' என்ற ஆய்வு 2020 ஜூனில் விடை சொன்னது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பெறாதவர்கள் 41.4 விழுக்காடு இறந்தார்கள், பெற்றவர்கள் 29.3 விழுக்காடு. பிராணவாயுவே தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் தெரியவில்லை. நம் தெரு முனை மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி அது. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை வாதம் தீர்க்கவில்லை. சம்மதித்துச் சேர்ந்த ஆயிரக்கணக்கான நோயாளிகள் தீர்த்துவைத்தார்கள்.

பூச்சிமருந்துக்கே திரும்பி வருகிறேன், ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அட்ரோபினை எப்படிக் கொடுப்பது என்று வங்கதேசத்தில் சிட்டகாங் மருத்துவர்கள் 156 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பழைய முறையில் ஒரே அளவை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். புதிய முறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, நெஞ்சு தெளிந்ததும் சொட்டாக மாற்றுவார்கள். பழைய முறையில் 22.5 விழுக்காடு இறப்பு, புதிய முறையில் 8 விழுக்காடு. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. இப்போது என் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கையுறையைக் கழற்றிவிட்டு, விரல்களின் பின்புறத்தால் நோயாளியின் அக்குளைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மருந்து போதவில்லை, காய்ந்திருந்தால் நிறுத்தி யோசியுங்கள். நெஞ்சில் நீர்ச் சத்தம் அடங்கியதா, நாடி 80க்கு மேல் வந்ததா என்று சேர்த்துப் பாருங்கள். பாம்புக்கடியிலும் இப்படித்தான். விஷமுறிவு மருந்து போடும்போது வரும் கடுமையான ஒவ்வாமையை, முன்கூட்டியே மிகச் சிறிய அளவு அட்ரினலின் ஊசி போட்டால் வெகுவாகக் குறைக்கலாம் என்பது இலங்கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஆராய்ந்து 2011இல் நிறுவியது. அதுவரை வழக்கமாகப் போட்டுவந்த ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியால் அந்தப் பயன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. வயல் வேலை செய்கிறவர்களின் நோய்க்கு நியூயார்க்கிலோ லண்டனிலோ யாரும் விடை தேடித் தர மாட்டார்கள். நாம்தான் தேட வேண்டும்.

இனி சித்தி பயந்த விஷயத்துக்கு வருகிறேன். 'சோதனை எலி' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. இந்தத் துறையில் ஏமாற்றுக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் யோவாக்கிம் போல்ட் என்ற மயக்கவியல் பேராசிரியர், இரத்தக் குழாயில் ஏற்றும் ஒருவகை மாவுச்சத்துக் கரைசலைப் புகழ்ந்து எழுதித் தள்ளினார். 2011இல் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாததால் சுமார் 90 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நேர்மையாக நடந்த ஆய்வு 2012இல் வந்தபோது, கடும் கிருமித்தொற்று உள்ளவர்களில் அந்தக் கரைசல் பெற்றவர்கள் 51 விழுக்காடு இறந்ததும், சாதாரணக் கரைசல் பெற்றவர்கள் 43 விழுக்காடு இறந்ததும் தெரிந்தது. ஜப்பானில் யோஷிதாகா ஃபூஜி என்ற மயக்கவியல் மருத்துவர் எழுதியவற்றில் 172 கட்டுரைகள் புனைவு என்று 2012இல் விசாரணையில் தெரிந்தது. இங்கிலாந்தில் ஜான் கார்லைல் என்ற மயக்கவியல் மருத்துவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, நோயாளிகளின் வயதும் எடையும் இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போவது இயற்கையில் நடக்காது என்று காட்டியிருந்தார். இந்தப் பொய்களை நம்பி மருந்து கொடுத்த டாக்டர்களும் அதைப் பெற்ற நோயாளிகளும் உலகம் முழுக்க இருந்தார்கள். ஆகவே சந்தேகப்படுங்கள். சந்தேகம் உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பொய்களை உடைத்ததும் ஆராய்ச்சிதான்.

இந்தியாவில் இப்போது விதிகள் இறுக்கமாகவே இருக்கின்றன. புதிய மருந்துகளுக்கு 2019இல் வந்த விதிகள், எல்லா ஆய்வுக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். நோயாளிகளிடம் சிகிச்சையை ஒப்பிடும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்கக் கூடாது, சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். ஆய்வு தொடங்கும் முன்பே தேசியப் பதிவேட்டில் பதிந்து எண் பெற்றிருக்க வேண்டும். 'சிடிஆர்ஐ' என்று தொடங்கும் அந்த எண்ணை இணையத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நோயாளி நினைவில்லாமல் இருந்தால் சட்டப்படி அவர் சார்பில் முடிவெடுக்கக்கூடிய உறவினர் கையெழுத்திடலாம். ஆனால் நினைவு திரும்பியதும் நோயாளியிடமே கேட்க வேண்டும். சித்தி அன்று சரி என்றிருந்தாலும், சித்தப்பா கண் விழித்ததும் "எனக்கு வேண்டாம்" என்று விலகியிருக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். உங்கள் சித்தியிடம் வந்த இளம் டாக்டரும் அப்படி ஒரு மாணவராக இருந்திருக்கலாம். பெரும்பாலும் முப்பது, அறுபது நோயாளிகளோடு முடியும் சிறு ஆய்வுகள். ஊசி போட்டபின் இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதுபோல் மறுபடியும் எண்களையே அளப்பவை. அவற்றால் யாருக்கும் தீங்கில்லை, மாணவர் ஆராயக் கற்றுக்கொள்கிறார். ஆனாலும் எனக்குத் தீராத மனக்குறை இருக்கிறது. தமிழ்நாட்டின் எல்லா மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டால், உதாரணமாக பாம் வேண்டுமா வேண்டாமா என்பதை, சில ஆண்டுகளில் உலகத்துக்கே விடை சொல்லிவிடலாம். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. இத்தனைக்கும் நோயாளிகள் நம் வாசலில்தான் வந்து விழுகிறார்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாரிடமாவது இப்படித் தாள் நீட்டப்பட்டால், முதலில் கேட்க வேண்டியது இது: "இதில் சேராவிட்டால் இவருக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் அதிலிருந்து எது மாறும்?" இந்த ஒரு கேள்விக்கு டாக்டர் நேராகப் பதில் சொல்ல முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வெறும் தகவல் சேகரிப்பா, கூடுதலாக இரத்தம் எடுப்பார்களா, இரண்டு மருந்துகளில் ஒன்றைக் குலுக்கலில் தருவார்களா என்று கேளுங்கள். குலுக்கல் என்றால், இரண்டில் எது நல்லது என்று உண்மையாகவே தெரியாதா என்று கேளுங்கள். நாணயமான டாக்டர் "தெரியாது" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரிடம்தான் நான் என் அம்மாவை ஒப்படைப்பேன். தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது தாளில் எழுதியிருக்க வேண்டும், காட்டச் சொல்லுங்கள். தமிழில் இல்லாத தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம். வீட்டில் கலந்து பேச நேரம் கேளுங்கள். சில ஆய்வுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க முடியாது. அதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

நான் கேட்கும் முறையையும் சொல்கிறேன். படுக்கையருகில் நின்றுகொண்டு கேட்பதில்லை. உறவினர்களில் முடிவெடுப்பவரோடு இன்னொருவரையும் அழைத்து, உட்காரவைத்து, நானும் உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் நோயாளியின் நிலையைப் பேசுவேன். ஆராய்ச்சியைப் பற்றி அதன் பிறகுதான். சென்ற மாதம் ஓர் அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "இல்லீங்க சார், எனக்கு மனசு ஒப்பலை" என்றார். சரியம்மா என்றேன். தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், அவர் மகனின் வென்டிலேட்டரில் அளவுகளைப் பார்த்து, சளி உறிஞ்சி எடுத்து, அவன் தலையணையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு வந்தேன். மாலையில் அந்த அம்மா என்னைத் தேடி வந்து, காலையில் கேட்கத் தயங்கியதைக் கேட்டார்: "அவனுக்கு இப்போ எவ்வளவு காற்றுப் போகுதுங்க?" 400 என்றேன். ஏன் 400 என்று விளக்க அளவு நாடாவை எடுத்து வந்தேன்.